வாட் சொல்லாத வெளிச்சம்

வீட்டுக் கொல்லையிலும் கோயில் பிராகாரத்திலும் நெல் உலர்த்தும் களத்திலும் ஊர்ப்புறக் கைப்பந்துத் திடலிலும் இன்று எரிகின்ற எல்.இ.டி. ஒளிவெள்ள விளக்கைத் தமிழகத்து மின்பொருள் கடைகளில் ‘ஃபோகஸ் லைட்’ என்று சொன்னால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஐம்பது வாட்டா, நூறு வாட்டா, இருநூறு வாட்டா என்ற ஒரு கேள்வியோடு பெரும்பாலும் பேரமும் முடிந்துவிடுகிறது. ஆனால் வாட் என்பது விளக்கு எவ்வளவு மின்சாரத்தை உண்கிறது என்பதைக் காட்டும் அளவேயன்றி, எவ்வளவு ஒளியைத் தருகிறது என்பதையோ, அந்த ஒளி எங்கே போய் விழுகிறது என்பதையோ, எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதையோ காட்டும் அளவன்று. பெட்டியின் மேல் மிகப் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் இந்த எண், வாங்குபவருக்கு மிகக் குறைவாகவே உதவுகிறது.

வாட்டை வைத்தே வெளிச்சத்தை மதிப்பிடும் பழக்கம் காரணமில்லாமல் வந்ததன்று. ஹாலஜன் விளக்குகள் கோலோச்சிய காலத்தில், டங்ஸ்டன் இழையைச் சூடாக்கி ஒளிரச் செய்யும் அந்த முறையில், எந்த நிறுவனத்தின் விளக்கானாலும் ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 20 லூமென் ஒளிதான் கிடைத்தது. லூமென் என்பது ஒரு விளக்கு எல்லாத் திசைகளிலும் சேர்த்து வெளியிடும் ஒளியின் மொத்த அளவு. அதுவும் மனிதக் கண்ணின் உணர்திறனுக்கு ஏற்ப எடைபோடப்பட்ட அளவு. எல்லா ஹாலஜன் விளக்குகளும் ஏறக்குறைய ஒரே திறன் கொண்டவையாக இருந்ததால், 500 வாட் என்றால் சுமார் 10,000 லூமென் என்பது சொல்லாமலே விளங்கியது. எல்.இ.டி. வந்தபின் இந்தக் கணக்கு குலைந்தது. கடையில் அருகருகே அடுக்கப்பட்டிருக்கும் இரண்டு 100 வாட் விளக்குகளில் ஒன்று வாட்டுக்கு 80 லூமெனும் மற்றொன்று 130 லூமெனும் தரக்கூடும். அதாவது ஒரே மின்கட்டணத்துக்கு ஒன்று 8,000 லூமெனும் மற்றது 13,000 லூமெனும் கொடுக்கும். ஆகவே வாட்டுக்கு எத்தனை லூமென் என்பதை முதலில் கேட்பதே முறை. இது ஒளித்திறன் எனப்படும். வாட்டையும் ஒளித்திறனையும் பெருக்கினால் மொத்த லூமென் கிடைத்துவிடும்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, எல்.இ.டி. வெள்ளொளியைத் தரும் விதத்தைச் சற்று அறிந்திருப்பது நல்லது. வெள்ளை எல்.இ.டி. என்று சொல்லப்படுவதன் உள்ளே இருப்பது உண்மையில் நீல ஒளியை உமிழும் ஒரு சிறு குறைக்கடத்திச் சில்லு. அதன்மேல் பூசப்பட்ட மஞ்சள் பாஸ்பர் அந்த நீல ஒளியில் ஒரு பகுதியை உள்வாங்கி மஞ்சளாக மாற்றித் தர, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகின்றன. இந்த நீலச் சில்லைத் திறன்மிக்க வடிவில் உருவாக்கியதற்காகவே இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சில்லின் தரம், பாஸ்பரின் கலவை, சில்லை எவ்வளவு மின்னோட்டத்தில் ஓட்டுகிறார்கள் என்பது, அது எவ்வளவு சூடாகிறது என்பது ஆகிய நான்கும் சேர்ந்தே ஒளித்திறனை முடிவு செய்கின்றன. குறைந்த எண்ணிக்கையில் சில்லுகளை வைத்து, அவற்றை மிகை மின்னோட்டத்தில் ஓட்டி வெளிச்சம் காட்டுவது மலிவான விளக்குகளின் வழக்கம். தொடக்கத்தில் பளிச்சென்று எரிந்தாலும் அவை விரைவில் மங்கும்.

லூமென் எண்ணைப் பார்க்கும்போதும் ஓர் எச்சரிக்கை தேவை. சிலர் சில்லு மட்டும் தரும் லூமெனை அச்சிடுவார்கள். சிலர் கண்ணாடியும் லென்ஸும் கடந்து விளக்கிலிருந்து உண்மையில் வெளியேறும் லூமெனை அச்சிடுவார்கள். இரண்டுக்கும் இடையே பத்து முதல் இருபது விழுக்காடு வரை வேறுபாடு எளிதில் வந்துவிடும். பின்னதே வாங்குபவருக்கு வேண்டியது. அதை முழு விளக்கையும் ஆய்வகத்தில் எரித்து அளந்தே சொல்ல முடியும். அவ்வாறு அளக்கும் முறையைச் சர்வதேச அளவில் எல்.எம். 79 என்றும், இந்தியத் தரநிலையில் ஐ.எஸ். 16106 என்றும் குறிப்பிடுவர். நல்ல நிறுவனம் கேட்டால் இந்த அறிக்கையைத் தரும்.

வாட் எண்ணே பொய்யாக இருக்கும் விளக்குகளும் சந்தையில் உண்டு. பெட்டியில் 100 வாட் என்று இருக்கும். மின்சாரம் எடுப்பதோ ஐம்பதுக்கு மேல் போகாது. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. வீட்டு மின்மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதனருகே ஒரு சிறு சிவப்பு விளக்கு கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். அந்த எண் 3200 என்று வைத்துக்கொண்டால், வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சோதிக்க வேண்டிய ஃபோகஸ் லைட்டை மட்டும் எரியவிட்டுப் பத்து நிமிடம் எண்ண வேண்டும். உண்மையான 100 வாட் விளக்கு அந்தப் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 53 முறை சிமிட்ட வைக்கும். 27 முறைதான் சிமிட்டினால் உள்ளே இருப்பது 50 வாட் விளக்கு.

இதே கணக்கறிவு சூரிய ஒளி ஃபோகஸ் லைட்டுகளுக்கு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. ‘200 வாட் சோலார்’ என்று எழுதப்பட்ட விளக்கோடு வரும் தகடு 10 வாட் திறனுடையது என்றால், நல்ல வெயில் நாளில் ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு இணையான ஆற்றலைப் பெற்று அது 50 வாட்-மணி மின்சாரம் தரும். மின்கலத்தில் சேமித்து எடுப்பதில் ஆகும் இழப்பைக் கழித்தால் 35 வாட்-மணிதான் மிஞ்சும். அதைப் பத்து மணி நேர இரவுக்குப் பங்கிட்டால் சராசரியாக மூன்றரை வாட்டுக்கு மேல் எரிக்க இயலாது. இத்தகைய விளக்கு வாசற்படிக்குப் போதும், வயல்வெளிக்குப் போதாது. சோலார் விளக்கை விளக்கின் வாட்டைப் பார்த்து வாங்காமல், தகட்டின் வாட்டையும் மின்கலத்தின் கொள்ளளவையும் பார்த்தே வாங்க வேண்டும்.

லூமென் தெரிந்தாலும் பாதிக் கணக்குதான் முடிந்தது. விளக்கு வெளியிடும் ஒளி தரையில் எவ்வளவு அடர்த்தியாக விழுகிறது என்பதே அங்கே நிற்பவருக்குத் தெரியும் வெளிச்சம். அதன் அளவு லக்ஸ். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் விழுந்தால் அது ஒரு லக்ஸ். பௌர்ணமி நிலவு தருவது கால் லக்ஸ் அளவு. உச்சி வெயில் தருவது ஒரு லட்சம் லக்ஸ் அளவு. ஐரோப்பியத் தரநிலை வெளிப்புறக் கால்பந்துத் திடலில் உள்ளூர்ப் பயிற்சி நிலை ஆட்டத்துக்கு 75 லக்ஸும், இடைநிலைப் போட்டிக்கு 200 லக்ஸும், உயர்நிலைப் போட்டிக்கு 500 லக்ஸும் வேண்டும் என்கிறது. தேவை என்ன என்பதை இவ்வாறு லக்ஸில் முதலில் முடிவு செய்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு லூமெனுக்கும், பிறகு வாட்டுக்கும் வருவதே சரியான வழி. நடைமுறையிலோ வாட்டில் தொடங்கி, வெளிச்சம் போதவில்லை என்ற வருத்தத்தில் போய் முடிகிறது.

லூமெனையும் லக்ஸையும் இணைப்பது ஒளிக்கற்றைக் கோணம். விளக்கின் நேர் நடுவில் ஒளிச்செறிவு மிக அதிகமாக இருக்கும். அங்கிருந்து இருபுறமும் விலக விலகக் குறைந்துகொண்டே வந்து, நடுவில் இருந்ததில் சரிபாதியாகும் இரு விளிம்புகளுக்கும் இடைப்பட்ட கோணமே ஒளிக்கற்றைக் கோணம் எனப்படுகிறது. ஒரு குறிப்பிட்ட திசையில் செல்லும் ஒளியின் செறிவைக் கேண்டெலா என்ற அலகால் அளப்பர். கேண்டெலாவைத் தொலைவின் வர்க்கத்தால் வகுத்தால் அத்தொலைவில் விழும் லக்ஸ் கிடைக்கும். தொலைவு இரட்டித்தால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால் பங்காகிறது. இந்த ஒரு விதியை மனத்தில் இருத்தியவர்கள் விளக்குகளின் எண்ணிக்கையையும் கம்பங்களின் உயரத்தையும் வேறு விதமாகவே திட்டமிடுவார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைப் போல ஏறத்தாழ 60 மீட்டர் உயரமுள்ள ஒரு கட்டுமானத்தின் உச்சிக்குத் தரையிலிருந்து ஒளி பாய்ச்ச வேண்டியிருப்பதாகக் கொள்வோம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும், லென்ஸ் இல்லாத, 120 டிகிரிக் கோணமுள்ள 10,000 லூமென் விளக்கின் நடுச் செறிவு சுமார் 3,200 கேண்டெலா. அதை 60-இன் வர்க்கமான 3,600-ஆல் வகுத்தால் உச்சியில் ஒரு லக்ஸ்கூடத் தேறாது. அருகிலுள்ள தெருவிளக்குகளின் மினுக்கத்திலேயே அது கரைந்துபோகும். அதே 10,000 லூமெனை 10 டிகிரிக் கற்றையாகக் குவிக்கும் லென்ஸ் உள்ள விளக்கில், இழப்பே இல்லையென்றால் 4 லட்சம் கேண்டெலாவுக்கு மேல் கிடைக்கும். லென்ஸிலும் கற்றைக்கு வெளியே சிதறுவதிலும் பாதி ஒளி வீணாவதாகக் கொண்டாலும் உச்சியில் 58 லக்ஸ் விழும். மின்சாரச் செலவு ஒன்றே, லூமென் ஒன்றே. விழும் வெளிச்சமோ அறுபது மடங்குக்கு மேல். ஆனால் அந்தக் கற்றை உச்சியில் பத்தரை மீட்டர் விட்டமுள்ள வட்டத்தை மட்டுமே ஒளிரச் செய்யும் என்பதால், விமானத்தின் அடிப்பகுதிக்கு 60 டிகிரி விளக்குகளும், நடுப்பகுதிக்கு 30 டிகிரி விளக்குகளும், உச்சிக்கு 10 டிகிரி விளக்குகளும் என்று பகுத்து அமைக்க வேண்டும். மாறாக, ஆறு மீட்டர் உயரச் சுவரில் மாட்டிக் கொல்லை முழுவதும் வெளிச்சம் பரப்ப வேண்டுமானால் 120 டிகிரியே பொருத்தம். அங்கே குறுகிய கற்றையை மாட்டினால் கிணற்றடியில் கண் கூசும், மாட்டுக் கொட்டகை இருளில் கிடக்கும்.

ஊர்ப்புற மின்னொளிக் கைப்பந்துத் திடல் ஒன்றுக்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்க்கலாம். ஆடுகளம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்டது. சுற்றிலும் மூன்று மீட்டர் இடம் விட்டால் 24-க்கு 15, அதாவது 360 சதுர மீட்டர். சராசரியாக 100 லக்ஸ் வேண்டுமானால் தரையில் 36,000 லூமென் விழ வேண்டும். ஆனால் விளக்கிலிருந்து புறப்படும் ஒளி முழுவதும் திடலுக்குள் விழுவதில்லை. பாதி வெளியே சிதறுவதாகக் கொள்வது பாதுகாப்பான மதிப்பீடு. காலப்போக்கில் கண்ணாடியில் படியும் தூசியும் சில்லுகளின் மங்கலும் சேர்ந்து இன்னும் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கும். இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் 90,000 லூமென் தேவை. வாட்டுக்கு 110 லூமென் தரும் 200 வாட் விளக்குகள் நான்கு இருந்தால் ஏறக்குறைய அந்த அளவாக 88,000 லூமென் கிடைத்துவிடும். நான்கு கம்பங்களோடு வேலை முடிந்தது. வாட்டுக்கு 80 லூமென் மட்டுமே தரும் மலிவு விளக்குகள் நான்கை மாட்டினால் அதே மின்செலவில் 64,000 லூமென்தான் கிடைக்கும். திடலில் 71 லக்ஸ்தான் விழும். அந்தக் குறையை ஈடுகட்ட இன்னும் இரண்டு விளக்கும் கம்பியும் வாங்கும்போது, முதலில் மிச்சம் பிடித்த பணம் போய்விடுகிறது.

கம்பம் நடும் இடமும் இதில் அடங்கும். கைப்பந்தில் ஆட்டக்காரர் அடிக்கடி அண்ணாந்து பார்ப்பதால், விளக்குகள் அவர் எதிர்நோக்கும் கடைக்கோடுகளுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. பக்கவாட்டுக் கோடுகளுக்கு வெளியே, இயன்ற அளவு உயரத்தில், கீழ்நோக்கிச் சாய்த்து அமைய வேண்டும். தாழ்வான கம்பத்தில் விளக்கை நிமிர்த்தி மாட்டித் தூரத்துக்கு ஒளியை எட்டச் செய்யலாம் என்று நினைப்பது பரவலான தவறு. திடலின் மறுமுனைக்கு வெளிச்சம் போகிறதோ இல்லையோ, பந்தைப் பார்ப்பவர் கண்ணுக்குள் அது நிச்சயம் போகிறது.

அடுத்து நிறம். பெட்டியில் 3000 கெ, 4000 கெ, 6500 கெ என்று கெல்வின் அலகில் குறிப்பது ஒளியின் நிறவெப்பநிலை. எண் சிறிதானால் ஒளி மஞ்சள் சாயல் கொண்டிருக்கும், பெரிதானால் நீலச் சாயல் கொண்டிருக்கும். இந்தியச் சந்தையில் 6500 கெல்வினே பெருவாரியாக விற்கிறது. பளீரென்று தெரிவதே நல்ல வெளிச்சம் என்ற எண்ணம் அதற்குக் காரணம். ஆட்டத் திடலுக்கும் கிடங்கு முற்றத்துக்கும் அது பொருந்தலாம். கருங்கல் மண்டபத்துக்கும் செங்கல் சுவருக்கும் மரங்களுக்கும் அது பொருந்தாது. கல்லின் இயல்பான பழுப்பையும் செம்மையையும் அது சாம்பலாக்கிவிடுகிறது. நீலக்கூறு மிகுந்த ஒளி பூச்சிகளையும் அதிகமாக ஈர்க்கும் என்பதால், வீட்டு முற்றத்துக்கும் உணவு பரிமாறும் இடங்களுக்கும் 3000 கெல்வினே நல்லது.

நிறவெப்பநிலையோடு குழப்பிக்கொள்ளக் கூடாத மற்றோர் எண் சி.ஆர்.ஐ. எனப்படும் நிறம் காட்டும் குறியீடு. ஒரு விளக்கின் கீழ் பொருள்களின் நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரிகிறது என்பதை எட்டு மாதிரி நிறங்களைக் கொண்டு சோதித்து, 100-ஐ உச்சமாகக் கொண்டு தரும் சராசரி அது. ஹாலஜன் விளக்கு ஏறத்தாழ 100 பெறும், எல்.இ.டி. ஃபோகஸ் லைட்டுகள் பெரும்பாலும் 70 முதல் 80 வரை பெறுகின்றன. அந்த எட்டு நிறங்களுள் அடர்சிவப்பு இல்லை. அது ஆர் 9 என்ற தனி எண்ணால் குறிக்கப்படுகிறது. வண்ணம் பூசிய சுதைச் சிற்பங்கள் நிறைந்த கோபுரத்துக்கும், இரவுச் சந்தையில் பழமும் மிளகாயும் விற்கும் கடைக்கும் சி.ஆர்.ஐ. 80-க்குக் குறையாமலும் ஆர் 9 எதிர்மறையாக இல்லாமலும் இருக்க வேண்டும். மற்ற இடங்களில் 70 போதும்; அதற்கு மேல் பணம் செலவிட வேண்டியதில்லை.

வெட்டவெளியில் தொங்கும் விளக்குக்கு மழையும் தூசியும் பெரும் பகை. ஐபி 65, ஐபி 66 என்று குறிப்பிடப்படும் காப்புத் தரத்தில் முதல் இலக்கம் தூசியையும் இரண்டாம் இலக்கம் நீரையும் குறிக்கும். முதல் இலக்கம் 6 என்றால் தூசி அறவே புகாது. இரண்டாம் இலக்கம் 5 என்றால் நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சும் நீரையும், 6 என்றால் நிமிடத்துக்கு 100 லிட்டர் வீதம் பீய்ச்சும் நீரையும் தாங்கியதாகப் பொருள். 7 என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் மூழ்கிக் கிடக்கும் சோதனை. அதில் தேறிய விளக்கு பீய்ச்சும் நீரையும் தாங்கும் என்பது இல்லை, அது தனிச் சோதனை. வடகிழக்குப் பருவமழையில் நனையும் விளக்குக்கு ஐபி 66 கேட்பதே நியாயம். தாழ்வாரத்தின் அடியில் மாட்டுவதற்கு 65 போதும். அடிபடும் வாய்ப்புள்ள இடங்களுக்கு ஐகே என்ற மற்றொரு தரம் உண்டு. ஐகே 08 என்பது 5 ஜூல் மோதலையும், ஐகே 10 என்பது 20 ஜூல் மோதலையும் தாங்கும் வலிமை. ஐகே 10 சோதனையில் ஐந்து கிலோ எடையை 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விளக்கின் மேல் விழவிடுகிறார்கள். பந்து படும் திடலுக்கு ஐகே 08 போதுமானது.

இத்தனை தரமும் இருந்தும் உள்ளே நீர்த்துளிகள் கோத்து நிற்கும் விளக்குகளைப் பல இடங்களில் காணலாம். காரணம் பெரும்பாலும் விளக்கில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. விளக்கிலிருந்து தொங்கும் அரைமீட்டர் வயரை வீட்டு வயரோடு முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டுவிடுகிறார்கள். விளக்கு எரியும்போது உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிகிறது. அணைத்ததும் குளிர்ந்து சுருங்கி, கிடைத்த வழியெல்லாம் வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. அந்த நேரத்தில் டேப் சுற்றிய இணைப்பு நனைந்திருந்தால், வயர் இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய சந்துகளின் வழியே ஈரம் ஏறி விளக்கின் வயிற்றுக்குள் போய்ச் சேர்கிறது. இணைப்பை நீர்புகாத பெட்டிக்குள் வைத்து, வயரை அப்பெட்டிக்குள் நுழைவதற்கு முன் ஒரு வளைவு தொங்கவிட்டு மாட்டினால் இத்தொல்லை இராது. தரமான விளக்குகளில் காற்றை விட்டு நீரைத் தடுக்கும் ஒரு சிறு சவ்வு வால்வு பொருத்தப்பட்டிருக்கும். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று திருகுகளை முதலில் அரிக்கும். அங்கே துருப்பிடிக்காத எஃகுத் திருகும் பவுடர் பூச்சுள்ள அலுமினிய உடலும் இல்லாத விளக்கை எடுக்கவே கூடாது.

சில்லுகள் நேர்மின்னோட்டத்தில் இயங்குபவை. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை அவற்றுக்கு ஏற்றவாறு மாற்றித் தருவது டிரைவர் என்னும் மின்சுற்று. பழைய டியூப்லைட்டுப் பழக்கத்தால் கடைக்காரர்கள் இதையும் ‘சோக்’ என்றே அழைக்கிறார்கள். டிரைவர் விளக்கின் கீழே தனி அறையில் இருந்தால் ‘டவுன் சோக்’ மாடல், முதுகில் இருந்தால் ‘பேக் சோக்’ மாடல். இவ்வகைகளில் டிரைவர் கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். டி.ஓ.பி. எனப்படும் மலிவு வகையில் சில்லுகள் இருக்கும் பலகையிலேயே டிரைவரின் உறுப்புகளும் பற்றவைக்கப்பட்டிருக்கும். சில்லின் சூடு அவற்றைத் தாக்கும், மின்னழுத்த ஏற்றம் நேரே சில்லுகளைத் தாக்கும், பழுதானால் முழு விளக்கும் குப்பைக்குப் போகும். பிற வசதிகளை விட்டுக்கொடுத்தாலும் தனி டிரைவரை விட்டுக்கொடுக்கலாகாது.

டிரைவரைப் பற்றி நான்கு எண்கள் கேட்கத் தக்கவை. மின்னழுத்த எல்லை 140 முதல் 270 வோல்ட் வரை இருந்தால் கிராமப்புறத்தின் தாழ்ந்த மின்னழுத்தத்திலும் விளக்கு எரியும். மும்முனை இணைப்பில் நியூட்ரல் கம்பி அறுந்தால் விளக்குக்கு 400 வோல்ட்டுக்கு அருகே போய்ச் சேரக்கூடும் என்பதால், 440 வோல்ட் தாங்கும் காப்பு உள்ளதைப் பொது இடங்களுக்கு வாங்க வேண்டும். இடிமின்னலால் கம்பியில் பாயும் கணநேர ஏற்றத்தைத் தாங்கும் திறன் கிலோவோல்ட்டில் குறிக்கப்படும். வீட்டுச் சுவருக்கு 4 கிலோவோல்ட் போதும், உயர்ந்த கம்பத்துக்கு 10 வேண்டும். நான்காவது எண்ணான பவர் ஃபேக்டர், விளக்கு கம்பியிலிருந்து இழுக்கும் மின்னோட்டத்தில் எவ்வளவு பங்கு உண்மையான வேலைக்குப் போகிறது என்பதைக் காட்டும். இது 0.5 ஆக இருக்கும் 100 வாட் விளக்கு ஜெனரேட்டரிடமிருந்து 200 வோல்ட்-ஆம்பியர் கேட்கும், 0.9-க்கு மேல் இருந்தால் 110 போதும். திருவிழாவுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பவர்கள் இந்த எண்ணைக் கவனித்தால் பாதி அளவு ஜெனரேட்டரிலேயே விழாவை நடத்தி முடிக்கலாம்.

மட்டமான டிரைவரின் இன்னொரு குறை ஒளித்துடிப்பு. மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகளாக வருவதால், அதைச் சீராக்காத டிரைவரில் விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கைப்பேசிக் கேமராவில் கருங்கோடுகளாக ஓடும். பந்தும் இறகுப்பந்தும் விட்டுவிட்டு நகர்வதுபோல் தோன்றும். மர அறுவை ஆலையிலோ லேத்துப் பட்டறையிலோ சுழலும் இயந்திரம் நின்றிருப்பதுபோலவே தோன்றி ஆபத்தை விளைவிக்கும்.

ஆபத்து என்னும்போது எர்த் கம்பியைச் சொல்லாமல் விட முடியாது. உலோக உடல் கொண்ட விளக்கிலிருந்து வரும் மூன்று வயர்களில் பச்சை வயரை வெட்டிச் சுருட்டி விட்டுவிடுவது நாடெங்கும் காணப்படும் பழக்கம். விளக்குக்குள் ஈரம் இறங்கி மின்கசிவு ஏற்பட்டால், இரும்புக் கம்பத்தில் கை வைக்கும் குழந்தைக்கு அந்தப் பச்சை வயர்தான் காப்பு. எர்த் இணைப்பும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் இல்லாத இடத்தில் எவ்வளவு உயர்தர விளக்கும் மாட்டத் தகுந்ததன்று.

ஆயுள் என்று பெட்டியில் எழுதப்படும் 50,000 மணி நேரம், நாள்தோறும் பத்து மணி நேரம் எரித்தால் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் வரும். அது விளக்கு அணைந்துபோகும் நேரத்தைக் குறிப்பதன்று. சில்லின் ஒளி தொடக்கத்தில் இருந்ததில் 70 விழுக்காடாகக் குறையும் நேரத்தைக் குறிப்பது. அதனாலேயே அதை எல் 70 என்பர். யாரும் 50,000 மணி நேரம் எரித்துப் பார்த்து இந்த எண்ணைச் சொல்வதில்லை. குறைந்தது 6,000 மணி நேரம் சில்லைச் சோதித்து, மங்கும் வேகத்தைக் கொண்டு எதிர்காலத்தைக் கணிக்கிறார்கள். சோதித்த நேரத்தைப் போல் ஆறு மடங்குக்கு மேல் உரிமை கோரக் கூடாது என்பது விதி. ஆகவே 6,000 மணி நேரம் மட்டும் சோதித்தவர் 36,000-க்கு மேல் அச்சிட முடியாது. அதைவிட முக்கியம், பெரும்பாலான விளக்குகளில் சில்லுக்கு முன்பே டிரைவர்தான் கெடுகிறது. அதிலுள்ள மின்பகு மின்தேக்கியின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்தோறும் ஏறத்தாழப் பாதியாகும். கோடையில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சுவர்கள் அனல் கக்கும் வேலூர், திருத்தணி போன்ற ஊர்களில், 25 டிகிரிச் சூழலுக்குச் சொல்லப்பட்ட ஆயுளை எதிர்பார்க்க இயலாது. 45 அல்லது 50 டிகிரி வரை இயங்கும் என்று எழுதித் தரும் விளக்கையே எடுக்க வேண்டும். இழை விளக்கு தன் வெப்பத்தைக் கதிராக வெளியே வீசிவிடும், எல்.இ.டி.யோ அதைத் தன் முதுகின் வழியே கடத்தித்தான் வெளியேற்ற வேண்டும். ஒரே வாட் உள்ள இரண்டு விளக்குகளைக் கையில் தூக்கிப் பார்த்தால், தடித்த வார்ப்பு அலுமினியமும் ஆழமான துடுப்புகளும் கொண்ட கனமான விளக்கு எது, மெல்லிய தகரம் எது என்பது தெரிந்துவிடும்.

இந்தியாவில் எல்.இ.டி. ஒளிவெள்ள விளக்குகள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுக்கு உட்பட்டவை. அவற்றுக்குரிய தரநிலை ஐ.எஸ். 10322, ஐந்தாம் பாகம், ஐந்தாம் பிரிவு. விளக்கின் மேலோ பெட்டியிலோ ‘ஆர்’ என்ற எழுத்தைத் தொடர்ந்து எட்டு இலக்கப் பதிவெண் இருக்க வேண்டும். அந்த எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டால் எந்த நிறுவனத்துக்கு எந்தப் பொருளுக்காகத் தரப்பட்டது என்பது தெரியும்; வேறொருவர் எண்ணை அச்சடித்திருந்தால் அங்கேயே அகப்பட்டுவிடும். ஆனால் இந்தப் பதிவு பாதுகாப்புக்கான அடிப்படைச் சான்றேயன்றி, வெளிச்சத்தின் தரத்துக்கான சான்றன்று.

வெளிச்சம் வேண்டாத இடத்துக்கு அதைப் போகவிடாமல் தடுப்பதும் தேர்வின் ஒரு பகுதியே. சென்னை, நாகப்பட்டினக் கடற்கரைகளில் ஆண்டின் முதல் மாதங்களில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள், பொரித்து வெளிவந்ததும் வெளிச்சமான அடிவானத்தைக் கடலென்று கருதி நகர்கின்றன. கரையோர விளக்குகள் பளிச்சிட்டால் சாலைக்கு ஏறி மடிகின்றன. 1988 முதல் சென்னைக் கடற்கரையில் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இந்த விளக்குகளைக் குறைக்குமாறு தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். கடற்கரையை ஒட்டி விளக்கு மாட்டியே ஆக வேண்டுமென்றால் அது செம்மஞ்சள் நிற ஒளியாக, நிலத்தை நோக்கித் திரும்பியதாக, கண்ணாடி முகம் தரைக்கு இணையாகக் கவிந்ததாக, பின்னிரவில் தானே அணைவதாக இருக்க வேண்டும். கடலிலிருந்து தொலைவிலுள்ள ஊர்களிலும் பக்கத்து வீட்டுச் சன்னலுக்குள்ளும் வானத்துக்குள்ளும் பாயும் ஒளி, காசு கொடுத்து வாங்கி வீணாக்கும் மின்சாரமே.

தனி வீட்டுக்கு ஒரு விளக்கு வாங்குபவர் ஏமாந்தால் இழப்பு சில நூறு ரூபாயோடு போகும். ஊராட்சிகளும் கோயில் நிர்வாகங்களும் பள்ளிகளும் விளையாட்டு மன்றங்களும் பொதுப்பணத்தில் பத்தும் இருபதுமாக வாங்குகின்றன; அவற்றின் விலைப்புள்ளிக் கோரிக்கைகளில் ‘200 வாட் எல்.இ.டி. ஃபோகஸ் லைட் - 10’ என்ற ஒற்றை வரி இருந்தால் மிக மட்டமான விளக்கே மிகக் குறைந்த விலையோடு முன்னால் வந்து நிற்கும். அந்த வரிக்குப் பதிலாக, விளக்கிலிருந்து வெளியேறும் லூமென், வாட்டுக்கு 110 லூமெனுக்குக் குறையாத ஒளித்திறன், ஒளிக்கற்றைக் கோணம், நிறவெப்பநிலை, ஐபி 66, தனி டிரைவர், பவர் ஃபேக்டர் 0.9, 10 கிலோவோல்ட் மின்னேற்றக் காப்பு, 50 டிகிரிச் சூழல் வெப்பம், டிரைவருக்கும் சேர்த்து ஐந்தாண்டு உத்தரவாதம், எல்.எம். 79 அறிக்கை ஆகியவற்றை எழுதிக் கேட்க வேண்டும். பொருள் வந்திறங்கிய அன்றே ஒன்றை மீட்டரில் மாட்டித் துடிப்பை எண்ணிப் பார்த்த பிறகே பில்லில் கையெழுத்திட வேண்டும்.